ஒரே கட்டடம், வேறு வேறு வகுப்பறை: அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் முன்னால் இருக்கும் வழிகளில் எது தேறும்?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இனம் பார்த்துப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே 17 அன்று. பிரௌன் வழக்கு. அதற்குப் பிறகு எழுபது வருடம் ஓடிவிட்டது. 2020-21 கல்வியாண்டின் கணக்கை ஆராய்ந்த ஜி.ஏ.ஓ. என்கிற மத்தியத் தணிக்கை அமைப்பு, அரசுப் பள்ளி மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள், அதாவது சுமார் 1 கோடியே 85 லட்சம் பேர், முக்கால்வாசியோ அதற்கு மேலோ ஒரே இனத்தவர் படிக்கும் பள்ளிகளில் இருப்பதாகச் சொன்னது.

இதை மாற்றுவது யார் கையில்? வாஷிங்டன் என்று நினைப்போம். பெரும்பகுதி, பள்ளி மாவட்டம் என்கிற உள்ளூர்ப் பள்ளி நிர்வாகத்தை நடத்தும் ஸ்கூல் போர்டின் கையில்தான் இருக்கிறது. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும், பஸ் எங்கே நிற்க வேண்டும், ஒரு பிள்ளையைச் சிறப்புக் கல்விக்கு, அதாவது குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான கல்விக்கு, அனுப்ப என்ன நடைமுறை என்பதையெல்லாம் அந்தப் போர்டும் அதன் அலுவலகமும்தான் தீர்மானிக்கின்றன. அங்கே குடியேறிய நம் ஆட்கள் வீடு பார்க்கும்போது முதலில் தேடுவது பள்ளியின் ரேட்டிங்கை. குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஸ்கூல் போர்டுத் தேர்தலில் ஓட்டும் உண்டு. வாக்குச்சீட்டின் கடைசியில் வரும் அந்தப் பெயர்களைப் படிக்காமலே தாண்டுகிறவர்கள்தான் அதிகம் என்பது வேறு விஷயம்.

அப்படி ஓட்டுப் போடுகிறவரோ, போர்டில் உட்கார்ந்திருப்பவரோ முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. இரண்டு கேள்விகளை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். இந்த வழியில் அலைச்சலும் இழப்பும் யார் தலையில் விழுகிறது? பள்ளி வாசலைத் தாண்டிய பிறகு பிள்ளை எந்த அறையில் போய் உட்காருகிறது? முதல் கேள்வியை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவதைக் கேட்காமல் விட்டதால்தான் நல்ல திட்டங்கள்கூடப் பாதியில் நின்றுபோயின என்பது என் கட்சி.

முதலில் வரைபடத்தை எடுங்கள்

எந்த வழி நல்லது என்று விவாதிக்கும் முன், எந்த வழி சாத்தியம் என்று தெரிய வேண்டும். அதைத் தீர்மானித்தது 1974இல் வந்த மில்லிகன் தீர்ப்பு. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பான்மை. சுற்றியுள்ள புறநகர்களில் வெள்ளையினப் பிள்ளைகள். நகரத்துக்குள்ளேயே கலந்தால் பயனில்லை என்று கண்ட கீழ் நீதிமன்றம் 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்துத் திட்டம் போடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதைத் தடுத்தது. புறநகர்கள் தப்புச் செய்ததாக நிரூபணம் இல்லாதபோது அவர்களை இழுக்க முடியாது என்றது. பிரௌன் வழக்கில் வக்கீலாக நின்று வாதாடிய தர்குட் மார்ஷல், இந்தமுறை நீதிபதியாக இருந்து எதிர்த்து எழுதினார்.

இதன் விளைவு, நாட்டின் பள்ளி மாவட்டங்கள் இரண்டு வகையாகிவிட்டன. தெற்கில் பல இடங்களில் கவுண்டி (மாநிலத்துக்குள் வரும் நிர்வாக வட்டாரம்) முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். நகரமும் புறநகரும் ஒரே போர்டுக்குக் கீழே. வடகிழக்கிலும் மிச்சிகனிலும் ஊருக்கு ஒரு மாவட்டம்; கோட்டைத் தாண்டினால் வேறு வரி, வேறு போர்டு, வேறு உலகம். முதல் வகையில் இருப்பவருக்குக் கலக்கும் வழிகள் எல்லாம் திறந்திருக்கின்றன. இரண்டாம் வகையில் இருப்பவருக்குப் பாதிக் கதவு ஏற்கெனவே சாத்தியிருக்கிறது.

இன்னொரு கட்டுப்பாடு 2007இல் வந்தது. சியாட்டில், லூயிவில் திட்டங்களை 5-4 கணக்கில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், தனிப்பட்ட ஒரு பிள்ளையின் இனத்தைப் பார்த்து இடம் ஒதுக்கக்கூடாது என்றது. ஆனால் பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி கென்னடி தனியாக எழுதிய கருத்தில், எல்லைகளை வரைவது, புதுப் பள்ளிக்கு இடம் தேர்வு செய்வது போன்றவற்றில் அந்தப் பகுதியின் மக்கள்தொகையைக் கணக்கில் எடுக்கலாம் என்றார். இன்றைக்கு நடக்கிற எல்லாத் திட்டங்களும் அந்தச் சந்து வழியாகத்தான் போகின்றன. வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி 2020இல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலிருந்தும் முன்னணி 1.5 சதவீதத்தினருக்கு இடம் ஒதுக்கியது. புது முறையில் சேர்ந்த முதல் ஆண்டில் ஆசிய மாணவர்களின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 ஆக இறங்கியது. இந்தியப் பெற்றோர் உட்படப் பலர் வழக்குப் போட்டார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்கவே மறுத்துவிட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் அன்றைக்கு நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும்.

பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது

இனங்களைக் கலப்பதற்காகப் பிள்ளைகளை வேறு பகுதிப் பள்ளிக்கு ஏற்றி அனுப்பிய கட்டாய பஸ் திட்டம் தோற்ற கதை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது பாஸ்டனை மட்டும் வைத்துச் சொல்வது. 1974இல் நீதிபதி கேரிட்டியின் உத்தரவுப்படி கறுப்பினப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சவுத் பாஸ்டனுக்குப் போன பஸ்கள் மீது கல் விழுந்தது. ஆனால் அங்கே கலக்கப்பட்டவர்கள் யார்? நகரத்து ஏழை வெள்ளையர்களும் நகரத்து ஏழைக் கறுப்பினத்தவரும். வசதியான புறநகர்கள் வேடிக்கை பார்த்தன.

ஷார்லட்டில் நடந்தது வேறு. 1969இல் நீதிபதி மெக்மிலன் உத்தரவு போட்டார். 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உறுதி செய்தது. ஷார்லட்டும் மெக்கிளன்பர்க் கவுண்டியும் ஒரே மாவட்டம் என்பதால் வசதியானவர்களின் பிள்ளைகளும் அதே பஸ்ஸில் ஏற வேண்டியிருந்தது. பக்கத்துப் புறநகருக்கு ஓடித் தப்புவது சுலபமாக இல்லை. மெல்ல ஊரும் பழகிக்கொண்டது. 1984இல் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ரீகன், பஸ் திட்டம் தோற்றுப்போன சமூகச் சோதனை என்று பேசியபோது, அவருடைய ஆதரவாளர்கள் நிறைந்த கூட்டமே கைதட்டாமல் நின்றது.

நீதிமன்ற மேற்பார்வை முடிந்து 2002இல் ஷார்லட் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பிறகு என்ன ஆனது என்று பில்லிங்ஸ், டெமிங், ராக்காஃப் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சிறுபான்மை மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு மாற்றப்பட்ட பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் குறைந்தது. சிறுபான்மை ஆண் பிள்ளைகள் மீதான குற்ற வழக்குகள் கூடின. ஏழைப் பள்ளிகளுக்கு மாவட்டம் கூடுதல் பணம் கொடுத்த பிறகு பின்னால் வந்த வகுப்புகளின் மதிப்பெண் சரிவு ஓரளவு ஈடாயிற்று. குற்ற வழக்குகளில் அந்த ஈடு கிடைக்கவில்லை.

சரி, அப்படியானால் பஸ்தான் விடையா? என் முதல் கேள்விக்கு அது சரியாகப் பதில் சொல்லவில்லை. பெரும்பாலான ஊர்களில் மூடப்பட்டவை கறுப்பினப் பகுதிப் பள்ளிகள். அதிக தூரம் போனவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். தெற்கிலும் எல்லைப் பகுதியிலுமாக 17 மாநிலங்களில் 1954 முதல் 1965 வரை சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலையிழந்தார்கள். பள்ளிகளை இணைத்தபோது வெள்ளையின ஆசிரியரை வைத்துக்கொண்டு மற்றவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். இந்த இழப்புக்கும் சிறப்புக் கல்வி வகுப்புகளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

லூயிவில்லில் 2022இல் போர்டு ஒரு மாற்றம் கொண்டுவந்தது. ஊரின் மேற்குப் பகுதியில் வாழும், பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள், விரும்பினால் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். நியாயமான முடிவு. ஆனால் 2023 ஆகஸ்டில் பள்ளி திறந்த முதல் நாளே புதிதாகப் போட்ட பஸ் ரூட்டுகள் குழம்பி, கடைசிப் பிள்ளைகள் வீடு சேர்ந்தபோது இரவு பத்து மணி ஆகப்போயிருந்தது. பள்ளிகளைச் சில நாள் மூடினார்கள். டிரைவர் பற்றாக்குறை தீரவில்லை. 2024இல் பெரும்பாலான மேக்னட் பள்ளிகளுக்கு (தனிப் பாடத்திட்டம் வைத்துப் பல பகுதிப் பிள்ளைகளையும் ஈர்க்கும் பள்ளிகள்) பஸ்ஸையே நிறுத்த போர்டு ஓட்டுப் போட்டது. கார் இல்லாத, பகல் வேலையை விட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பள்ளி அன்றே எட்டாமல் போய்விட்டது. எந்தத் திட்டத்தை ஆதரிக்கும் முன்பும் டிரைவர் சம்பளத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

வருமானத்தை வைத்துக் கலப்பது

2007 தீர்ப்புக்கு முன்பே இதைச் செய்து பார்த்த இடம் வட கரோலினாவின் வேக் கவுண்டி. ராலே நகரமும் கேரியும் இதற்குள் வருகின்றன. இன்றைக்குத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. 1976இல் நகர மாவட்டத்தையும் கவுண்டி மாவட்டத்தையும் இணைத்தார்கள். 2000இல் இனக் கணக்கை விட்டுவிட்டு வேறொரு விதி வைத்தார்கள்: எந்தப் பள்ளியிலும் இலவச அல்லது சலுகை மதிய உணவு பெறுவோர் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வாசிப்பில் பின்தங்கியோர் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஊர் வேகமாக வளர்ந்ததால் வருடாவருடம் சில தெருக்களின் பள்ளி மாறிக்கொண்டே இருந்தது. அந்த எரிச்சல்தான் 2009 தேர்தலில் வெடித்தது. அடுத்த ஆண்டே புதிய போர்டு விதியை எடுத்துவிட்டது. கலப்பை எதிர்த்துத்தான் எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று வருடத்தில் இரண்டு முறை பள்ளி மாறினால் எந்தப் பெற்றோருக்கும் கோபம் வரும்.

மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் இந்த எரிச்சலை வேறு விதமாகச் சமாளித்தது. 1981 முதல் அங்கே தெருவுக்கு இந்தப் பள்ளி என்ற ஒதுக்கீடே கிடையாது. பெற்றோர் விருப்ப வரிசை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் வருமானக் கலப்பு சரியாக இருக்கும்படி மாவட்டம் இடம் ஒதுக்கும். முதலில் இனத்தைப் பார்த்தார்கள். 2000களின் தொடக்கத்தில் வருமானத்துக்கு மாறினார்கள். ஒரு முறை சேர்ந்த பிள்ளையை நடுவில் பிடுங்குவதில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில், பார்க் ஸ்லோப்பும் ரெட் ஹூக்கும் அடங்கிய 15ஆம் மாவட்டம் 2018இல் இதே பாதைக்கு வந்தது: நடுநிலைப் பள்ளிகளில் மதிப்பெண் பார்த்துச் சேர்ப்பதை நிறுத்தி, ஏழை வீட்டுப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், நிலையான வீடில்லாதவர்கள் ஆகியோருக்கு 52 சதவீத இடங்களில் முன்னுரிமை கொடுத்தது.

கலக்கும் வழிகளில் என் ஓட்டு இந்த விருப்ப வரிசை முறைக்குத்தான். வசதியானவரும் படிவம் நிரப்புகிறார், வசதியில்லாதவரும் நிரப்புகிறார்; அலைச்சல் ஒரு பக்கமாக விழுவது குறைகிறது. ஆனால் படிவத்தின் கடைசித் தேதி தெரியாத குடும்பம் ஒவ்வொரு வருடமும் மிச்சப் பள்ளியில்தான் போய் விழும். வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆள் போடாத மாவட்டத்தில் இது வசதியானவர்களின் விளையாட்டாகவே முடியும்.

மேக்னட் பள்ளி, இல்லாவிட்டால் பணம்

எல்லைக்கோடு குறுக்கே நிற்கும் ஊர்களுக்கு இந்த இரண்டுதான் மிச்சம். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில், பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதை எதிர்த்துப் பெற்றோர் 1989இல் ஷெஃப் வழக்கைத் தொடுத்தார்கள். மில்லிகன் தீர்ப்பு இருப்பதால் வழக்கை மாநில அரசியல் சட்டத்தின்படி நடத்தினார்கள். 1996இல் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் 4-3 என்று அவர்கள் பக்கம் நின்றது. அதன் பிறகு புறநகர்ப் பிள்ளைகளை ஈர்க்கும்படி, அறிவியலுக்கென்றும் கலைகளுக்கென்றும் மேக்னட் பள்ளிகள் கட்டப்பட்டன. நல்ல பள்ளிகள்தான். ஆனால் சேருவது குலுக்கலில். இனக் கலப்பு அளவு நிறைய வேண்டும் என்பதற்காக வெள்ளையின, ஆசியப் பிள்ளைகளுக்கான இடங்களைக் காலியாக வைத்திருந்தார்கள். அதே நேரத்தில் ஹார்ட்ஃபோர்டின் கறுப்பினப் பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். காத்திருந்த பிள்ளைகளின் பெற்றோரே வழக்குப் போட்டு, 2020இல் வருமானக் கணக்குக்கு மாற்ற வைத்தார்கள். 2022இல்தான் முழு உடன்பாடு வந்தது. 1989இல் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கியிருக்கும்.

நியூஜெர்சி பணத்தின் வழியில் போனது. ஆபட் வழக்கில் 1990இல் வந்த தீர்ப்பு, ஏழை நகர மாவட்டங்களுக்குப் பணக்கார மாவட்டங்களுக்குச் சமமாகச் செலவிட வேண்டும் என்றது. 1998 தீர்ப்பைத் தொடர்ந்து இந்த மாவட்டங்களில், பிறகு அவை 31 ஆயின, 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குத் தரமான பாலர் பள்ளி கிடைத்தது. இந்த ஒன்றுக்காகவே ஆபட்டை நான் மதிக்கிறேன். பணம் முக்கியமில்லை என்று வசதியான புறநகரில் உட்கார்ந்து சொல்வது எளிது. எட்பில்ட் என்ற அமைப்பு 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, வெள்ளையர் பெரும்பான்மை மாவட்டங்களைவிட மற்றவர்கள் பெரும்பான்மையாக உள்ள மாவட்டங்களுக்கு ஆண்டுக்கு 2,300 கோடி டாலர் குறைவாகக் கிடைத்தது. படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையோ இரு பக்கமும் ஏறக்குறைய சமம்.

ஆனால் பணமா, கலப்பா என்று நேருக்கு நேர் வைத்துப் பார்க்க மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி ஒரு வாய்ப்புக் கொடுத்தது. புதுக் குடியிருப்புகளில் ஒரு பங்கைக் குறைந்த வருமானத்தினருக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி அங்கே 1974 முதல் இருக்கிறது. வீட்டுவசதி வாரியம் அவற்றில் சிலவற்றை வாங்கி ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல்போல ஒதுக்கியது. ஆகவே ஒரே மாதிரியான ஏழைப் பிள்ளைகளில் சிலர் வசதியான பகுதிப் பள்ளிக்கும், சிலர் மாவட்டம் கூடுதல் பணம் கொட்டிய ஏழைப் பள்ளிக்கும் போனார்கள். 2001 முதல் 2007 வரை சுமார் 850 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஹெதர் ஷ்வார்ட்ஸின் ஆய்வில், வசதியான பள்ளிக்குப் போனவர்களே தொடக்கப் பள்ளி முடியும்போது முன்னே இருந்தார்கள். மாவட்டத்தின் வசதியான பிள்ளைகளோடு இருந்த இடைவெளி கணிதத்தில் பாதியாகக் குறைந்தது. கலக்க முடிகிற இடத்தில் கலப்பு. முடியாத இடத்தில் பணம். பணத்தைக் கலப்புக்கு மாற்றாகப் பேசுகிறவர் எந்த வகை மாவட்டத்தில் நின்று பேசுகிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் இன்னொரு வாசல்

பஸ்ஸோ படிவமோ, பிள்ளை நல்ல பள்ளிக்கு வந்துவிட்டது. இனி?

சிறப்புக் கல்வி என்பதே அநீதி என்று நான் சொல்ல வரவில்லை. 1975இல் சட்டம் வரும்வரை மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் லட்சக்கணக்கில் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்தச் சட்டத்துக்கு வழிவகுத்த வழக்குகளில் ஒன்று 1972இன் மில்ஸ் வழக்கு. வாஷிங்டனில் அதைத் தொடுத்த ஏழு பிள்ளைகளும் கறுப்பினத்தவர். பள்ளிக்குள் விடுங்கள் என்று கேட்டு வென்றவர்கள் அவர்கள். சிக்கல், உள்ளே விட்ட பிறகு எங்கே உட்கார வைத்தார்கள் என்பதில்.

சட்டத்தில் 13 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. காது கேளாமை, பார்வையின்மை போன்றவற்றை மருத்துவர் அளந்து சொல்வார். அங்கே இன வித்தியாசம் பெரிதாக இல்லை. அறிவுவளர்ச்சிக் குறைபாடு, உணர்வுநிலைப் பாதிப்பு என்கிற வகைகள் ஆசிரியரின், உளவியலாளரின் கணிப்பைப் பொறுத்தவை. அந்த இரண்டிலும்தான் கறுப்பினப் பிள்ளைகள் பல்லாண்டுகளாக மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அதிகமாக முத்திரை குத்தப்படுகிறார்கள். முத்திரை விழுந்த பிறகும், நாளின் பெரும்பகுதியைப் பொது வகுப்பில் கழிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. ஜார்ஜியாவில் நடத்தைப் பிரச்சினை உள்ள பிள்ளைகளுக்கென்று மாநிலம் நடத்திய தனி மையங்களை ஆராய்ந்த மத்திய நீதித்துறை 2015இல் எழுதிய கடிதத்தில் ஒரு விவரம் இருக்கிறது: அவற்றில் சில, சட்டப்படியான பிரிவினைக் காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடந்த அதே பழைய கட்டடங்களில் இயங்கின.

இங்கேதான் கலப்புத் திட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று வருகிறது. ஃபுளோரிடாவில் பிறப்புப் பதிவுகளையும் பள்ளிப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்த எல்டரும் மூன்று சக ஆய்வாளர்களும், பிறப்பு எடை முதல் குடும்ப நிலைமை வரை ஒத்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். வெள்ளையர் அதிகமுள்ள பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகள் அளவுக்கு மேல் சிறப்புக் கல்விக்கு அனுப்பப்பட்டார்கள். சிறுபான்மையினர் அதிகமுள்ள பள்ளியிலோ, உதவி தேவைப்பட்டவர்கள்கூட அனுப்பப்படவில்லை. ஒரு பக்கம் தேவையில்லாத முத்திரை, இன்னொரு பக்கம் கிடைக்காத உதவி. நாடு முழுவதையும் கூட்டிச் சராசரி பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பிரச்சினையே இல்லாததுபோலத் தெரியும். கறுப்பினப் பிள்ளைகள் குறைவாகத்தான் அடையாளம் காணப்படுகிறார்கள் என்று 2015இல் மார்கனும் ஃபார்கஸும் சொன்னதும், இல்லை அதிகம்தான் என்று மற்றவர்கள் மறுத்ததும் நெடுநாள் சண்டை. இந்த ஃபுளோரிடா ஆய்வைப் பார்த்தால் இரு தரப்பும் யானையின் வேறு வேறு பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்ததாகத்தான் தோன்றுகிறது.

ஆகவே எல்லையை மாற்றி வரையும் போர்டு, அதே கூட்டத்தில் பரிந்துரை நடைமுறையையும் மாற்றியாக வேண்டும். அதற்கு என்ன வழிகள்?

ஐ.க்யூ. தேர்வைத் தடை செய்வது ஒன்று. கலிஃபோர்னியாவில் 1968-69இல் கறுப்பினப் பிள்ளைகள் மாணவர்களில் 9 சதவீதம். மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளில் 27 சதவீதம். லாரி பி. வழக்கில் நீதிபதி பெக்கம் 1979இல் தீர்ப்பளித்து, அந்த வகுப்புகளில் சேர்க்க ஐ.க்யூ. தேர்வைப் பயன்படுத்தக்கூடாது என்றார். அடுத்த வருடமே சிகாகோவில் நீதிபதி கிரேடி நேர்மாறாகத் தீர்ப்பளித்தார். அவர் தேர்வின் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தீர்ப்பிலேயே எடுத்து வைத்து, சிலவற்றில் மட்டுமே பாகுபாடு தெரிகிறது என்றார். விவாதத்துக்கு வந்த ஒரு கேள்வி: உன்னைவிடச் சின்னப் பிள்ளை உன்னிடம் சண்டைக்கு வந்தால் என்ன செய்வாய்? திருப்பி அடிக்க மாட்டேன் என்றால் மதிப்பெண். திருப்பி அடிக்காவிட்டால் நாளைக்கும் அடி விழும் தெருவில் வளர்ந்த பிள்ளை யோசித்துச் சொல்லும் பதிலுக்குச் சுழியம். கேள்வி மோசம்தான். ஆனால் தடையும் கடித்தது. 1986இல் அதைக் கறுப்பினப் பிள்ளைகளின் எல்லாச் சிறப்புக் கல்வி மதிப்பீட்டுக்கும் நீட்டித்தபோது, எங்கள் பிள்ளைக்கு அந்தத் தேர்வு வேண்டும் என்று கறுப்பினப் பெற்றோர் சிலர் நீதிமன்றம் போனார்கள். அந்த நீட்டிப்பை பெக்கமே 1992இல் திரும்பப் பெற்றார்.

உச்சவரம்பு வைப்பது இன்னொன்று. இதை யாராவது முன்மொழிந்தால் எழுந்து நின்று எதிர்க்கலாம். டெக்சாஸ் கல்வித் துறை 2004இல், சிறப்புக் கல்வி பெறுவோர் 8.5 சதவீதத்துக்கு மேல் போனால் மாவட்டத்துக்குக் கேள்வி வரும் என்று ஓர் அளவு வைத்தது. 12 சதவீதத்தை ஒட்டி இருந்த எண்ணிக்கை 2015 வாக்கில் சரியாக 8.5க்கு இறங்கியது. 2016இல் ஹூஸ்டன் கிரானிகிள் நாளிதழ் இதை வெளியே கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் மத்திய கல்வித் துறை சட்டமீறல் என்று அறிவித்தது. உதவி கிடைக்காமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

மூன்றாவது, அந்த 1975 சட்டத்தின் 2004 திருத்தத்தில் இருக்கும் 15 சதவீத விதி. ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு மாவட்டத்தில் 1,000 கறுப்பினப் பிள்ளைகளில் 30 பேருக்கு உணர்வுநிலைப் பாதிப்பு முத்திரை. மற்ற 4,000 பேரில் 40 பேருக்கு. 3 சதவீதம் எதிரே 1 சதவீதம், விகிதம் 3. மாநிலம் வைத்த வரம்பை இது தாண்டினால், மாவட்டம் தன் மத்திய நிதியில் 15 சதவீதத்தை முன்கூட்டிய உதவிக்குச் செலவிட வேண்டும். விதி நல்லது. ஆனால் வரம்பை மாநிலமே வைப்பதால் உயர்த்தி வைத்துவிட்டு யாருமே சிக்காமல் பார்த்துக்கொள்ளலாம். விகிதத்தைக் குறைக்க மிகச் சுலபமான வழி, உதவி தேவையான பிள்ளையையும் மறுப்பது. டெக்சாஸ் கதை சின்ன அளவில் திரும்ப நடக்கும்.

நான்காவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்: ஆசிரியரின் பரிந்துரைக்குக் காத்திருக்காமல் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே முறையில் சோதிப்பது, முத்திரைக்கு முன்பே வாசிப்பு உதவியைத் தொடங்குவது. இதன் பலத்தை ப்ரவார்ட் கவுண்டியில் எதிர்த் திசையிலிருந்து பார்க்கலாம். ஃபுளோரிடாவின் அந்த மாவட்டம், மீத்திறன் மாணவர் வகுப்புக்கு ஆசிரியர், பெற்றோர் பரிந்துரையை நம்பியிருந்த முறையை மாற்றி, 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் முதற்கட்டச் சோதனை வைத்தது. கார்டும் ஜூலியானோவும் செய்த ஆய்வில், தகுதி பெற்ற கறுப்பினப் பிள்ளைகள் 80 சதவீதமும் ஹிஸ்பானிக் பிள்ளைகள் 130 சதவீதமும் கூடியது தெரிந்தது. தகுதி அளவை இறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளை யாரும் இதுவரை பார்க்கவில்லை, அவ்வளவுதான். நிதி நெருக்கடியில் சோதனையை நிறுத்தியதும் பழைய நிலை திரும்பிவிட்டது. பரிந்துரை என்கிற அந்த ஒற்றை வாசலில் எவ்வளவு அடைபடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இதிலும் ஒரு பொறி உண்டு. முதலில் உதவி, பிறகு மதிப்பீடு என்பதை வைத்தே பல பள்ளிகள் மாதக்கணக்கில் இழுத்தடித்தன. அப்படி மதிப்பீட்டைத் தாமதிக்கக்கூடாது என்று மத்திய கல்வித் துறை 2011இல் சுற்றறிக்கையே அனுப்ப வேண்டியிருந்தது. பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, மாநிலம் வேறு கெடு வைத்திருந்தாலொழிய, 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். கோரிக்கையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், தேதி நிற்கும்.

கறுப்பின ஆசிரியர்கள் விஷயத்துக்கு வருகிறேன் என்றேன். வட கரோலினா பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், கறுப்பின ஆசிரியரிடம் படித்த கறுப்பினப் பிள்ளைகள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், சிறப்புக் கல்விக்கு அனுப்பப்படுவது குறைவாக இருந்தது. கலப்பின் பெயரில் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பியது யாரை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆசிரியர் நியமனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கலப்புத் திட்டம் அதே தப்பைத் திரும்பச் செய்யும்.

எனவே கவுண்டி முழுதும் ஒரே மாவட்டமாக இருக்கும் இடத்தில் நான் கேட்பது: விருப்ப வரிசையும் வருமானக் கணக்கும், அதோடு அனைவருக்குமான சோதனை, முத்திரை விழுந்தாலும் பொது வகுப்பிலேயே இரண்டு ஆசிரியர் சேர்ந்து கற்பிக்கும் முறை. எல்லைக்கோடு இறுகிப்போன இடத்தில்: முதலில் பணமும் பாலர் பள்ளியும், அதே சோதனை முறை, பிறகு மாநில நீதிமன்றம். இரண்டாம் வகை ஊரில் சோதனையின் வேலையே வேறு. அங்கே அது தேவையில்லாத முத்திரையைத் தடுப்பதைவிட, கிடைக்காத உதவியைக் கிடைக்கச் செய்யும்.

போர்டுக் கூட்டத்தில் பேச இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். அதில் ரேட்டிங்கைப் பற்றிப் பேச வேண்டாம். மூன்று எண்களைக் கேளுங்கள்: கணிப்பைப் பொறுத்த வகைகளில் நம் மாவட்டத்தின் இன விகிதம் பள்ளிவாரியாக எவ்வளவு, நாளில் 80 சதவீதத்துக்கு மேல் பொது வகுப்பில் இருப்போர் இனவாரியாக எவ்வளவு, நம் மாநிலம் வைத்திருக்கும் வரம்பு என்ன. முதலாவதைப் பள்ளிவாரியாகத் தரத் தயங்குவார்கள். எண்ணிக்கை சிறியது, தனியுரிமை என்பார்கள். மூன்று வருடத்தைக் கூட்டிக் கேட்டால் அந்தக் காரணம் பெரும்பாலும் நிற்காது. மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்திடம் புகார் கொடுக்கலாம் என்று முன்பு சொல்லியிருப்பேன். 2025 மார்ச்சில் அதன் 12 வட்டார அலுவலகங்களில் 7ஐ மூடும் முடிவு வந்தது. இப்போதைக்கு மாநிலக் கல்வித் துறையிடம் எழுத்தில் புகார் கொடுப்பதுதான் வேகமான வழி. அவர்கள் 60 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.